வெள்ளரிக்காய் வீட்டில் விளக்கு வைக்கும் நேரம்

வெளிநாட்டுப் பயணம் என்றால் எல்லாரும் இங்கிருந்து அங்கே போவார்கள். திரும்பி வந்து, அங்கே ரோட்டில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம் என்று எழுதுவார்கள். என் பயணம் தலைகீழ். நான் மஸ்கட்டில் மகன் வீட்டில் இருப்பவள். போனது திருநெல்வேலிக்கு. அதுவும் ஊரைப் பார்க்க இல்லை. கரண்ட் எங்கே போகிறது என்று பார்க்க.

அஞ்சாம் வகுப்போடு நின்றவளைக் கரண்ட் பார்க்க அனுப்புவார்களா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விமானத்தில் ஏறுகிற வரை நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் மகன் சுப்பு, ஊரார் கட்டடங்களுக்கு ஏ.சி. மாட்டிப் பழுது பார்க்கிற கம்பெனியில் இருக்கிறான். குளிர வைப்பது அவன் தொழில். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் வேறு எதைக் குளிர வைக்கலாம் என்று யோசித்தான். தச்சநல்லூரைத் தாண்டி எங்களுக்கு இருந்த நிலத்தில் வெள்ளரிக்காயைக் குளிர வைப்பது என்று முடிவு செய்தான். பசுமைக்குடில் என்று பெயர். இரும்புக் குழாய் நட்டு, மேலே பால் நிறத்தில் பிளாஸ்டிக் போர்த்திய பெரிய கூடாரம். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் நெல் வயல். தாமிரபரணித் தண்ணீரைக் குடித்துவிட்டு அங்கே எல்லாப் பயிரும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. எங்கள் வெள்ளரிக்காய்க்கு மட்டும் வெயில் ஆகாது. மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி.

அந்த மாப்பிள்ளையைக் கவனித்துக்கொள்கிறவள் என் மகள் கோமதி. பி.எஸ்ஸி. படித்தவள். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது ஒரு துணிப்பையோடு வந்தாள். அண்ணன் குடிலைக் கட்டி அவள் பொறுப்பில் விட்டான். பக்கத்திலேயே ஓர் அறை போட்டு அங்கேயே குடியிருக்கிறாள். இந்த உலகத்தில் அவளுக்கென்று இருப்பது அந்தக் கூடாரம் ஒன்றுதான்.

சுப்புவின் போனில் குடிலின் சூடு, ஈரம், கரண்ட் எல்லாம் கோடு கோடாக ஓடும். பகலில் கரண்ட் கோடு ஏறும். வெயில் தாழ்ந்தால் இறங்க வேண்டும். அதுதான் இறங்கவில்லை. சூரியன் மறைந்த பிறகு ஒரு மேடு. ஒட்டகத்தின் திமில் மாதிரி தினமும் அதே நேரத்துக்கு வந்து நிற்கும்.

"எம்மா, சூரியனே வீட்டுக்குப் போயிட்டு. இவ யாருக்கு ஃபேன் ஓட்டுதா?" என்று சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு கேட்பான். எனக்கா தெரியும்?

கோயம்புத்தூரிலிருந்து இன்ஜினியர் வந்தார். பெல்ட்டை மாற்றச் சொன்னார், மாற்றினார்கள். மோட்டாரை மாற்றச் சொன்னார், அதையும் மாற்றினார்கள். திமில் அசையவில்லை. அண்ணனும் தங்கையும் போனில் பேசினாலே சண்டை. அந்த நேரம் பார்த்து ஒருவர் நிலத்தை மனை போடக் கேட்டு வந்தார். சுப்பு சொல்லிவிட்டான்: இந்த மாதமும் திமில் இறங்கவில்லை என்றால் கூடாரத்தைப் பிரித்துவிட்டு நிலத்தைக் கொடுத்துவிடுவேன், கோமதி மஸ்கட்டுக்கு வந்து நம்மோடு இருக்கட்டும் என்று. இருக்கட்டும் என்று சொல்வது எவ்வளவு சுலபம்.

"நீ போய்ப் பைய இருந்து பாரும்மா. உனக்குச் சண்ட போடத் தெரியாது. அதனால அவ உன்கிட்ட மறைக்க மாட்டா."

ஆயுசு முழுக்க வாய் திறக்காமல் இருந்ததற்கு ஒரு வேலை கிடைத்தது.

விமானத்தில் பக்கத்தில் ஒரு மலையாளத்துப் பெண். "மகளுக்குப் பிரசவமா?" என்று அவள் பாஷையில் கேட்டாள். இல்லை என்றேன். "அப்போ கல்யாணமா?" அதுவும் இல்லை. "பின்னே?" கரண்ட் என்றேன். அதற்குப் பிறகு இறங்குகிற வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை. சாப்பாட்டுத் தட்டில் வெள்ளரிக்காய் நாலு துண்டு வைத்திருந்தார்கள். யார் வீட்டுக் கரண்டில் குளிர்ந்ததோ என்று மரியாதையாகச் சாப்பிட்டேன்.

விமானத்திலிருந்து இறங்கி ரயிலில் வந்தேன். திருநெல்வேலி ஜங்ஷனில் என்னை அழைக்க வந்தது மைதீன். கோமதியின் காய்களை மார்க்கெட்டுக்குக் கொண்டு போகிற லோடு ஆட்டோக்காரன். சிரித்த முகம். "ஆச்சி, முன்னால ஏறுங்க. காய மொதல்ல டவுண்ல எறக்கிட்டு, பொறவு உங்கள எறக்குதேன். தப்பா நெனைக்காதிய, காய் வாடிரும்லா" என்றான்.

நான் வாடினால் பரவாயில்லை. ஏறிக்கொண்டேன்.

ரயில்வே கேட் திறந்ததும் எல்லா வண்டியும் போயிற்று. எங்களுடையது மட்டும் ஒரு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. உச்சி வெயில். பின்னால் வரிசையாக ஹாரன். மைதீன் இறங்கினான். தண்ணீர் பாட்டிலை எடுத்தான். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். அவன் தன் துண்டை நனைத்து வெள்ளரிக்காய்ப் பெட்டிகளின் மேல் விரித்துவிட்டு, என் கையில் விசிறிக்கொள்ள ஒரு பழைய பேப்பரைக் கொடுத்தான்.

"வே, வண்டிய ஓரமாத் தள்ளும்வே!" என்று பின்னால் கார்க்காரர் கத்தினார்.

"தள்ளுதேன் அண்ணாச்சி. உள்ள ஆச்சி இருக்காவ."

"ஆச்சிய எறங்கித் தள்ளச் சொல்லும்!"

சொன்னால் கேட்கிறவள்தானே நான். வெட்கத்தில் இறங்கித் தள்ளிவிட்டேன். பத்து வீட்டு ஜனம் பார்க்க, மஸ்கட் ரிட்டன் ஆச்சி வெள்ளரிக்காய் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் வந்தாள். வாண வேடிக்கைதான் பாக்கி.

கோமதி கறுத்து மெலிந்திருந்தாள். ஆனால் நடை மாறியிருந்தது. முன்பெல்லாம் சுவரை ஒட்டி நடப்பாள். இப்போது நடுவில் நடக்கிறாள். கூட வேலைக்கு இசக்கியம்மாள் என்று பக்கத்து ஊர்ப் பெண். செடிக்குக் கயிறு கட்டுவது, காய் பறிப்பது, ஊர்க்கதை சொல்வது எல்லாம் அவள் பொறுப்பு.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஸ்கட்டில் நான் ஏங்கியதெல்லாம் தேங்காய்ப்பால் ஊற்றி வைத்த சொதிக்கு. கோமதி சொதி வைத்திருந்தாள். வெள்ளரிக்காய் சொதி. தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காய்த் துவையல். ஓரத்தில் வெள்ளரிக்காய்ப் பச்சடி. கொஞ்சம் வளைந்த காயைக் கடைக்காரர்கள் எடுக்க மாட்டார்களாம். வளைந்ததெல்லாம் எங்கள் வயிற்றுக்கு. நிமிர்ந்தது ஊருக்கு.

சாப்பிட்டதும் குடிலைச் சுற்றிக் காட்டினாள். ஒரு பக்கச் சுவர் முழுக்கத் தேன்கூடு மாதிரி அட்டை. அதன் மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது. எதிர்ப்பக்கச் சுவரில் ஆளுயர ஃபேன்கள். ஃபேன் உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ளும். அந்த இடத்துக்கு ஈர அட்டை வழியாக வெளிக்காற்று நனைந்து குளிர்ந்து வரும். வேண்டிய குளிர் வந்ததும் ஃபேன் ஒவ்வொன்றாகத் தானே நின்றுகொள்ளும். ஃபேன்களுக்குப் பக்கத்தில் வாசல். அதில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு. அதில் கோமதி கையெழுத்தில் ஓர் அட்டை: இரண்டு கதவையும் ஒன்றாகத் திறக்காதீர்கள்.

உள்ளே அவ்வளவு சுகமாக இருந்தது. மஸ்கட் வீட்டு ஏ.சி. ஆளை முதலில் உறைய வைக்கும். பிறகு மருமகள் கம்பளி தருவாள். இங்கே கம்பளி தேவைப்படாத குளிர். அடுத்த பிறவியில் வெள்ளரிக்காயாகப் பிறந்து கோமதி கையில் வளரலாம்.

பொழுது சாய்ந்தது. இசக்கியம்மாள் கைகால் கழுவிவிட்டு வந்தாள். குடில் வாசலைத் தெளித்துக் கோலம் போட்டாள். கோமதி உள்ளே லட்சுமி படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றினாள். இரண்டு கதவையும் விரியத் திறந்து கயிற்றால் கட்டிவைத்தார்கள். பின்பக்கத்துச் சின்னக் கதவை அடைத்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் முன்வாசல் திறந்திருந்தால் ஸ்ரீதேவி வருவாள், பின்வாசல் அடைத்திருந்தால் மூதேவி வர மாட்டாள். எங்கள் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. மூச்சு விடச் சொல்லிக் கொடுப்பார்களா?

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மஸ்கட்டில் அந்த நேரம் நான் கதவுப் பக்கம் போனாலே, "அத்த, ஏ.சி. வெளிய போயிரும்" என்பாள் மருமகள். லட்சுமி அங்கே லிஃப்டில் வந்து, கதவைப் பார்த்துவிட்டு, அதே லிஃப்டில் போய்க்கொண்டிருந்தாள். இங்கே வாசலில் உட்கார்ந்தேன். வெளியே தரை இன்னும் கொதித்தது. ஆனால் நல்ல காற்று. என் முந்தானையைப் பிடித்துக் குடிலுக்குள் இழுத்தது. லட்சுமி இவ்வளவு அவசரமாக ஒரு வீட்டுக்குள் நுழைந்து நான் பார்த்ததே இல்லை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

விளக்கு தானாக மலையேறுகிற வரை கதவை அடைக்கக் கூடாது. லட்சுமி நிதானமாக வரட்டும் என்று கோமதி எண்ணெயைத் தாராளமாக விட்டிருந்தாள். உள்ளே ஃபேன்கள் எல்லாம் இரைந்துகொண்டிருந்தன. நடுவில் சுப்பு போன் அடித்தான். அந்த நேரத்தில் யார் போன் எடுப்பார்கள்? ஒருவரும் எடுக்கவில்லை.

மறுநாள் இன்ஜினியர் போனில், குடிலில் எங்காவது ஓட்டை இருக்கலாம், நாளைக்கு நானே வருகிறேன், ஒட்டுகிற டேப் வாங்கி வையுங்கள் என்றார். நானும் கோமதியும் டவுண் பஸ் ஏறினோம். பக்கத்து சீட்டில் ஓர் அம்மாள்.

"யாரு வீட்டுப் பிள்ள நீங்க?"

எழுபதை நெருங்குகிற பிள்ளை, அப்பா பெயரைச் சொன்னேன்.

"இது மகளா? மருமகன் என்ன செய்யுதாவ?"

கோமதி ஜன்னல் பக்கம் திரும்பினாள். "வெள்ளரிக்கா போட்டிருக்கோம்" என்றேன்.

"நான் மருமகனக் கேட்டேன்."

"அதுவும் ஒரு காய்தான். வளஞ்ச காய். ஒதுக்கிட்டோம்."

இதை நான் மனசுக்குள்தான் சொன்னேன் என்று நினைத்தேன். கோமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்த பிறகுதான், சத்தமாகச் சொன்னது தெரிந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாமா என்றிருந்தது. அது நம் நிறுத்தம் இல்லையாம்.

ரத வீதியில் ஒரு ஹார்டுவேர் கடை. அண்ணாச்சி டேப் உருளைகளை எடுத்து வைத்தபடியே, "இவ்வளவு எதுக்கு? வீட்டையே பார்சல் கட்டி மஸ்கட்டுக்கு அனுப்பப் போறியளோ?" என்றார். ஊருக்குள் நான் வந்த சேதி எனக்கு முன்னால் அந்தக் கடைக்குப் போயிருந்தது. திரும்பும்போது எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் அல்வா வாங்கியாச்சா என்று கேட்டார்கள். திருநெல்வேலிக்கு வந்தவர்களுக்கு வேறு ஜோலி இருக்கும் என்று திருநெல்வேலிக்காரர்களே நம்புவதில்லை.

மூன்றாம் நாள் இன்ஜினியர் வந்தார். சின்ன வயசு, நல்ல மரியாதை. "ஏனுங்க பெரியம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று கொங்குப் பேச்சில் கேட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தினார். இசக்கியம்மாள் சாமிக்கு என்று நினைத்துக் கும்பிட்டாள். அவர் அதை ஈர அட்டைக்குப் பக்கத்தில் பிடித்தார். புகை நேராக ஃபேன் பக்கம் போயிற்று.

"பாத்துக்கோங்க. காத்து இந்த அட்டை வழியாத்தான் வரோணும். வேற ஒரு சந்து இருந்தாலும் நனையாம அந்த வழியா வந்துக்கும். காத்துக்குப் பாடுபட இஷ்டமில்லீங்க. சுடுகாத்து வந்துட்டா குளிராது. குளிரலீன்னா ஃபேன் நிக்காது. அவ்வளவுதானுங்க கணக்கு."

அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. எனக்கே புரிந்தது. அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பகல் பூராவும் நாங்கள் நாலு பேரும் ஊதுபத்தியும் கையுமாக ஓட்டை தேடினோம். பிளாஸ்டிக்கில் ஊசி குத்தின மாதிரி ஒரு துளை. அடைத்தோம். குழாய் நுழைகிற இடத்தில் ஒரு விரல் சந்து. அடைத்தோம். கதவின் கீழே எறும்பு போகிற இடைவெளி. இசக்கியம்மாள் தரையில் படுத்து அதற்குப் பட்டை ஒட்டினாள். "இனி ஒரு ஈ நொழையட்டும் பாப்போம்" என்று எழுந்து தூசியைத் தட்டினாள். இன்ஜினியர் மனநிறைவோடு, வெள்ளரிக்காய் மோர்க்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, வெயில் இருக்கும்போதே பஸ் ஏறினார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தானாம். காலையில் வருவார், வெயிலோடு போவார்.

பொழுது சாய்ந்தது. இசக்கியம்மாள் கைகால் கழுவினாள். கோலம் போட்டாள். கோமதி விளக்கேற்றினாள். பிறகு இருவரும் சேர்ந்து, எறும்பு போக வழியில்லாமல் ஒட்டிய இரண்டு கதவையும் விரியத் திறந்து, கயிறு போட்டுக் கட்டினார்கள். யானை போகலாம். அம்பாரியோடு போகலாம்.

என் முந்தானை உள்ளே இழுத்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டே அவர்களைப் பார்த்தேன். இசக்கியம்மாள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். சந்தையில் கால்குலேட்டர் இல்லாமல் கணக்குப் போடுகிற கோமதியும் கண்ணை மூடி நின்றாள். ஃபேன்கள் எல்லாம் ஒருசேர இரைந்தன. சுப்பு போன் அடித்தான். அவன் திமிலைப் பார்க்கிறான் என்று தெரிந்தது. நான் அதன் முதுகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சொல்லலாம். ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில் கதவை அடை என்று எங்கள் வீட்டில் இதுவரை ஒரு வாயும் சொன்னதில்லை. சொன்னால் அது சாபம் மாதிரி. அன்று நான் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மனைக்காரர் ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸோடு வருவதாகச் சுப்பு காலையிலேயே சொல்லியிருந்தான். மூன்று பேரும் காய்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம்.

"கோமதி, விளக்கு வெக்க நேரத்துல கதவத் திறந்து வெக்கோம்லா?"

"ஆமா."

"அப்ப காத்து அங்கன வழியாத்தான வருது. என் முந்தானயப் பிடிச்சு இழுக்கு."

அவள் கை நின்றது. படித்த பெண் அல்லவா, உடனே புரிந்துவிட்டது. முகத்தில் புரிந்ததைப் பார்த்தேன். அது வந்த வழியே அவள் அதைத் திருப்பி அனுப்பியதையும் பார்த்தேன்.

இசக்கியம்மாள் முந்திக்கொண்டாள். "நல்லாச் சொன்னிய ஆச்சி! வெள்ளிக்கெழம அதுவுமா முன்வாசல அடைக்கவா? மூதேவிக்கு எல போட்டுருவமா?"

"அவ எப்பவோ வந்து மீட்டர்ல உக்காந்துட்டா" என்றேன்.

"நான் அடைக்க மாட்டேம்மா" என்றாள் கோமதி.

"நிலம் போயிரும்ட்டி."

"போட்டும்."

ஒரு காயை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே துடைத்த காய்.

"அன்னைக்கு அவுக வீட்டுக்குப் பால் வாங்கிட்டு வாறேன். விளக்கு வெக்க நேரம். நடைக்கு வெளிய என் பை இருக்கு. நான் ஒரு கால் உள்ள வெக்கயில அவரு அம்ம கதவச் சாத்துனா. உள்ள விளக்கு எரிஞ்சுது. சாத்தச் சாத்த அது ஒரு கோடாத் தெரிஞ்சுது, பொறவு தெரியல."

எங்களிடம் அவள் சொன்னது ஒத்து வரவில்லை என்று மட்டும்தான். எங்கள் வீட்டில் அதற்கு மேல் கேட்கிற பழக்கம் இல்லை. அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தோம்.

"எனக்குன்னு ஒரு கதவு வந்தா அந்த நேரத்துல அடைக்க மாட்டேன்னு நெனச்சேன். வெளிய யாராச்சும் நிப்பாவ" என்றாள்.

இசக்கியம்மாள் மூக்கைச் சிந்தினாள். எனக்கு அழத் தோன்றவில்லை. கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒழுங்கான கோபம்.

"கதவச் சாத்துனது அவ. அதுக்கு நீ எதுக்குட்டி இங்கன கரண்ட் பில்லு கட்டுதே?"

கோமதி நிமிர்ந்தாள்.

"அது அவ கதவு. அவ கையில இருந்துது. இது உன் கதவு. வெளிய யாரும் நின்னா நீ போய்க் கூட்டிட்டு வா, யாரு வேண்டாங்கா? எல்லாரும் வந்த பொறவு அடச்சா அது அடைக்கதுல சேத்தி இல்ல."

கோமதி கையிலிருந்த காயைப் பெட்டியில் வைத்தாள். இசக்கியம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்ப லச்சுமி எந்த வழியா ஆச்சி வருவா?"

"காத்து வாற வழியா."

அவள் ஈர அட்டைச் சுவரைப் பார்த்தாள். "நனஞ்சுல்லா போவா?"

"வெள்ளிக்கெழம. குளிச்சுட்டு வாறான்னு வெச்சுக்க."

யோசித்துவிட்டு, அதில் தப்பில்லை என்று ஒத்துக்கொண்டாள்.

சாயந்திரம் லட்சுமி படத்தை அட்டைச் சுவர்ப் பக்கம் மாற்றினோம். காற்றுக்கு அணையாமல் விளக்கைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தோம். கதவை மட்டும் தொடமாட்டேன் என்று இசக்கியம்மாள் சொல்லிவிட்டாள். எனக்கும் கை வரவில்லை. வாய்தான் பெரிய வாய்.

கோமதி வாசலில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு வெளியே இறங்கி வரப்பு வரைக்கும் போய் இரண்டு பக்கமும் பார்த்தாள். காலிப் பெட்டிகளோடு மைதீன் வந்துகொண்டிருந்தான்.

"என்னக்கா, யாரத் தேடுதிய?"

"வெளிய யாரும் இருக்காவளான்னு பாத்தேன்."

"நான்தான் இருக்கேன்."

"அப்ப உள்ள வா. கதவ அடைக்கணும்."

ஒன்றும் புரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, விளக்கைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி நின்றான். கோமதி வெளிக்கதவை அடைத்தாள். பிறகு உள்கதவை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அதன் மேல் கையை வைத்தபடியே நின்றாள்.

என் முந்தானை அசையாமல் தொங்கியது.

கொஞ்ச நேரத்தில் கடைசி ஃபேன் நின்றது. பிறகு அதற்கு அடுத்தது. ஒவ்வொன்றாக இரைச்சல் கழன்று விழ, எல்லாம் நின்றபோது அட்டையில் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது. அதற்கு அப்பால் வாய்க்கால் தவளைகள். "இவ்வளவு நாளும் இதுக கத்திட்டா இருந்துது?" என்றாள் இசக்கியம்மாள்.

போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"எம்மா! என்ன ஆச்சு? கோடு செத்துப்போச்சு! கரண்ட் போயிட்டா? ஃபேன் எரிஞ்சுட்டா?"

"ஃபேன் நிக்கணும்னுதானலே என்னய அனுப்புன? நின்னுட்டு."

அந்தப் பக்கம் அவன் எதையோ தட்டிப் பார்ப்பது கேட்டது. "சூடு சரியாத்தான் இருக்கு. ஈரமும் இருக்கு... என்ன மாத்துனிய? இன்ஜினியரு எதைத் திருப்புனாரு?"

கோமதி போனை வாங்கினாள். "கதவ அடச்சேன்."

"எந்தக் கதவ?"

"என் கதவ."

அவன் என்ன புரிந்துகொண்டானோ. பிறகு, "ஞாயித்துக்கெழம அந்த ஆளு வாறாரே, அவர்கிட்ட என்ன சொல்ல?" என்றான்.

"விக்கலன்னு சொல்லு."

நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மைதீன் எதற்கென்று தெரியாமலே பிடித்துக்கொண்டிருந்தான்.

"சரி, கொஞ்ச நாள் பாப்போம்" என்றான் சுப்பு.

எங்கள் வீட்டு ஆண்கள் தோற்றுப்போனால் அப்படித்தான் சொல்வார்கள்.